ஞாயிறு ஆட்டம், திங்கள் நொண்டல்: விளையாட்டுக் காயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என் கிளினிக்கில் திங்கட்கிழமை காலைக் கூட்டம் தனி ரகம். ஞாயிறு முழுக்க டர்ஃபில் கிரிக்கெட் ஆடியவர், வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஷட்டில் அடித்தவர், மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு மூன்று வாரத்துக்கு முன்தான் ஓட ஆரம்பித்தவர். இவர்கள் கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் நானும் கொஞ்சம் மூச்சு விடலாம். உங்கள் காலை நேரில் பார்க்காமல் எழுதுவது இது. பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

நான் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. அப்புறம் எப்படிக் காயம்?

எலும்பும் தசையும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் உழைக்கும்போது கொஞ்சம் சிதைகின்றன, ஓய்வில் மறுபடி கட்டப்படுகின்றன. சிதைவு கட்டுமானத்தை முந்திக்கொண்டே போனால் ஒருநாள் வலியாக வெளியே வரும். விழவே வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓட ஆரம்பித்த நாலைந்து வாரத்தில் மூச்சு பழகிவிடும். தசை அடுத்ததாகப் பழகும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். 'இப்பெல்லாம் மூச்சே வாங்கலை' என்று சந்தோஷமாகத் தூரத்தைக் கூட்டுகிற அந்த இரண்டாவது மாதத்தில்தான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள்.

உடம்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கும் இது விலக்கில்லை. பும்ராவுக்கு 2019-ல் கீழ்முதுகில் அழுத்தமுறிவு வந்தது. 2022-ல் மறுபடியும் முதுகு பழுதாகி டி20 உலகக் கோப்பையை விட்டார். 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் திரும்ப வந்தார். பி.வி. சிந்து 2022 காமன்வெல்த்தில் தங்கம் வென்ற கையோடு இடது கணுக்காலில் அழுத்தமுறிவு என்று தெரிந்து, அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் ஆடவில்லை. அழுத்தமுறிவு என்றால் எலும்பு இரண்டாக உடைவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாரம் ஏறி, மயிரிழையாக விரிசல் விடுவது.

ஓடும் தூரத்தை வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம்? பத்து சதவீதம் என்கிறார்களே?

அது வேதவாக்கு இல்லை. நெதர்லாந்தில் 2008-ல் புதிதாக ஓடுகிறவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை இந்தப் பத்து சதவீதக் கணக்கிலும் மற்றதை வழக்கமான திட்டத்திலும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். காயம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது.

நான் பார்ப்பது வேறொன்றை: ஒரே நாளில் எகிறும் தாவல். மாதம் முழுக்க ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாதவர், நண்பர் கூப்பிட்டார் என்று ரேஸ்கோர்ஸ் பாதையில் ஐந்து சுற்று ஓடுகிறார். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டரை ஆகிவிட்டது. வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் அந்த ஒரு காலையில் தசைநாண் பழகாத பாரத்தைச் சுமந்திருக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஓடினீர்களோ அதைவிடக் கொஞ்சமே கூட்டுங்கள். தூரம், வேகம், மேடு மூன்றையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

கணுக்கால் பிசகிவிட்டது. முதல் இரண்டு நாள் என்ன செய்வது?

பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு இழுபடுவதுதான் பெரும்பாலான பிசகு. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்துதல் என்ற நாலு சொல் மந்திரத்தை 1978-ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பிரபலமாக்கினார். அதே மிர்கின் 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

இன்று நான் சொல்வது இது. வலி தாங்கவில்லையா, ஐஸைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாக்கெட் போதும். அது வலிக்குத்தான் மருந்து, காயத்தை ஆற்றிவிடாது. கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்துங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் கால் தலையணை மேல் இருக்கட்டும். இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து, தாங்குகிற அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்து, காலை ஊன்றி நடக்கத் தொடங்குங்கள்.

எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த ஒரு விதி இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. கணுக்கால் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலி. பாதத்தின் வெளி ஓரம் நடுவில் துருத்தும் எலும்பிலோ உள்வளைவின் மேலே உள்ள எலும்பிலோ அழுத்தினால் வலி. அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நாலு அடி வைக்க முடியவில்லை. இதில் எது இருந்தாலும் எக்ஸ்ரே. நொண்டிக்கொண்டு நாலு அடி வைத்தாலும் வைத்த கணக்குதான். வீக்கத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், சாதாரணப் பிசகு கூடப் பந்து மாதிரி வீங்கும்.

எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி.

பாட்டியோடு சண்டை வேண்டாம். ஆனால் முதல் மூன்று நாள் கையை வைக்கவிடாதீர்கள். கல்லூரியில் படிக்கும்போது வாலிபால் ஆடி எனக்குக் கால் பிசகியது. 'சுளுக்குதான்டா, எடுத்துவிட்டா போயிடும்' என்று பெரியப்பா கூட்டிப்போன இடத்தில் ஒருவர் எண்ணெய் போட்டு வெடுக்கென்று இழுத்தார். கத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் எக்ஸ்ரேயில் வெளி எலும்பில் கீறல். முதலிலேயே இருந்ததா, இழுத்ததில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

குறிப்பாகத் தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டினால் அழுத்தி உருவவே கூடாது. கட்டிய ரத்தம் தசைக்குள்ளேயே எலும்பாக இறுகுவது உண்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வைத்தியத்திலும் என் பயம் இறுக்கம்தான். உள்ளே வீக்கம் கூடக்கூட ரத்தவோட்டம் நின்றுவிடும். கட்டுக்குக் கீழே விரல் சில்லிட்டாலோ, உணர்ச்சி குறைந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மஞ்சள் பற்றா? தாராளமாகப் போடுங்கள். பெட்ஷீட் மட்டும் பாழாகும்.

ஒரு மாதம் முழு ஓய்வு எடுத்தேன். வலி போய்விட்டது. ஓடிய முதல் நாளே திரும்பிவிட்டது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஓய்வு வலியைக் குறைக்கும், திசுவைப் பலப்படுத்தாது. ஒரு மாதம் சும்மா இருந்த தசைநாண், நீங்கள் நிறுத்திய அன்றைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அதன் மேல் பழைய பாரத்தையே தூக்கி வைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

குதிகாலுக்கு மேலே கயிறு போல இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் வலி என்று வைத்துக்கொள்வோம். சுவீடனைச் சேர்ந்த ஹகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கும் இதே வலி இருந்தது. ஆபரேஷன் செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். 'சரி, அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும்' என்று வலியோடு குதிகாலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. 1998-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 15 பேர், 12 வாரம், தினமும் இரண்டு வேளை இதைச் செய்தார்கள். 15 பேரும் பழையபடி ஓடினார்கள்.

செய்முறை எளிது. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். முட்டி நீட்டியபடி 15 தடவை மூன்று சுற்று, முட்டி லேசாக மடக்கியபடி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும். நாளுக்கு 180. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், பாதியில் தொடங்கினாலும் போதும். வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு சேரும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள்.

மூன்று மாதம் என்றதும் முகம் வாடிவிடுகிறது. இரண்டு வாரத்தில் சரி செய்வதாக ஸ்ப்ரேயும் பெல்ட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அது இல்லை.

வலியோடு பயிற்சி செய்யலாமா?

பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மார்க் போடுங்கள். பயிற்சியின்போது மூன்று நாலு வரை இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முந்தின நாள் அளவு அதிகம். வலியால் நடையே மாறினாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ, நாளுக்கு நாள் ஏறினாலோ நிறுத்துங்கள். இந்த அளவுகோல் தசைநாணுக்கும் தசைக்கும்தான். எலும்பில் அழுத்தமுறிவு என்று சந்தேகம் வந்தால் வலியைத் தாங்கிக்கொண்டு செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி இருக்கிறது. பத்து அடி வைத்தால் குறைகிறது.

உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை விரிந்திருக்கும் பட்டையில் வரும் வலி. விளையாடுகிறவர்களைவிட நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு, ஜவுளிக்கடை விற்பனையாளர்கள், ஆசிரியைகள், சமையல்காரர்கள், இதை நான் அதிகம் பார்க்கிறேன். எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வளர்ந்திருக்கு' என்று பயந்து வருவார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு நீட்சி இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

டென்மார்க்கில் சோதித்த ஒரு பயிற்சி எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, படியில் ஒற்றைக்காலில் மூன்று விநாடி எம்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதைச் சில மாதம் விட்டு, மெத்தென்ற செருப்பு போடுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பவர்கள், வாசல் தாண்டாத தனி ஜோடி வாங்கிக்கொள்ளலாம்.

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓடினால் வலிக்கிறது.

விரலால் தடவிப் பாருங்கள். உள்விளிம்பு நெடுக நாலைந்து விரற்கடைக்கு மேல் பரவி வலித்தால் பாரத்தைக் குறைத்து, கெண்டைக்காலைப் பலப்படுத்தினால் சரியாகும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அதே இடம் குத்தினால், ஓடுவதை இன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் அழுத்தமுறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று திரும்ப ஓடி, விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடுமாமே?

பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத்தேய்வு உட்கார்ந்தே இருப்பவர்களைவிடக் குறைவு. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக வெறித்தனமாக ஓடுகிறவர்களுக்கு 13.3. ஏற்கெனவே முட்டிச்சில்லைச் சுற்றி வலி இருந்தால், அடியைச் சிறிதாக்கி நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். கூடவே தொடைக்கும் இடுப்புக்கும் பலப்பயிற்சி.

கபடியில் திரும்பும்போது முட்டியில் 'டப்' என்று சத்தம். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது.

முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் முன்சிலுவை ஜவ்வு (ஏ.சி.எல்.) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே வீங்குவது மூட்டுக்குள் ரத்தம் கசிவதைக் காட்டுகிறது. எலும்பு மருத்துவரைப் பாருங்கள், ஸ்கேன் வேண்டியிருக்கும். வலி இரண்டு வாரத்தில் அடங்கி, 'சரியாப் போச்சு' என்று மறுபடி களத்தில் இறங்கும்போதுதான் முட்டி நழுவி, உள்ளிருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழிகிறது. ஊர்த் திருவிழாக் கபடியில் ஆடும் பையன்களிடம் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் கட்டாயமா? இல்லை. சுவீடனில் ஓர் ஆய்வில், பயிற்சியில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்று வைத்த இளைஞர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டு கழித்தும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் கபடி, கால்பந்து மாதிரி வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்கே திரும்பவேண்டும் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் பக்கம்தான் முடிவு சாயும். செய்துகொண்டால் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் வேண்டாம். அதற்கு முன் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது.

டென்னிஸே ஆடியதில்லை, எனக்கு எப்படி டென்னிஸ் எல்போ? ஊசி போட்டுக்கொள்ளலாமா?

டென்னிஸ் எல்போ என்பது முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாணில் வரும் வலி. என்னிடம் வந்தவர்களில் பரோட்டா மாஸ்டர், கொத்தனார், வாளி வாளியாகத் துணி பிழியும் அம்மாக்கள் உண்டு. டென்னிஸ் வீரர் ஒருவரும் இல்லை. டெண்டுல்கருக்கு 2004-ல் வந்து, 2005-ல் ஆபரேஷன் வரை போனதால் நம் ஊரில் பெயர் பரவியது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் அற்புதமாக இருக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள், திரும்ப வருவதும் அதிகம். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் பயிற்சியை ஒரு தண்ணீர் பாட்டிலோடு தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடலாமா?

வேண்டாம். நீண்டதூர ஓட்டத்தில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் அதை ஆட்டத்தின் தலையில் கட்டாதீர்கள். டெங்குக் காலத்தில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பலவீனமாக்கலாம். அக்கிலிஸ் அறுவதுகூட உண்டு. அமெரிக்க மருந்துத் துறை 2008-லேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. சாப்பிடும் நாட்களில் குதிகால் பக்கம் வலித்தால் ஓடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்தால் காயம் வராதா?

ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேர்ந்த 1,538 பேரை வைத்து 2000-ல் வெளியான ஆய்வில், நீட்டிப்பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச்சிங்கால் காயம் குறையவில்லை. மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, குதிப்பு என்று உடம்பைச் சூடாக்குவது உதவும். கால்பந்து ஆடுகிறவர்கள் ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற இருபது நிமிட வார்ம்-அப்பைப் பழகுங்கள், வீடியோ இலவசம். பின்தொடை அடிக்கடி பிடிக்கிறவர்கள், முட்டி போட்டு ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை விடாதீர்கள்.

ஷூ?

சௌகரியமாக இருப்பதை வாங்குங்கள். ஓடுகிற ஷூவோடு ஷட்டில் மட்டும் ஆடாதீர்கள், அதன் உயர்ந்த குதிகாலில் கால் சுலபமாக மடங்கும்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வேகப்பந்து வீசுகிறான். இடுப்பு வலி என்கிறான்.

தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், அம்மா. வளரும் வயதில் வேகப்பந்து வீசும் பையனுக்குக் கீழ்முதுகின் ஒரு பக்கம் வலித்தால், அதிலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் வலித்தால், வேறு என்று உறுதியாகும் வரை அழுத்தமுறிவு என்றே நினைக்கவேண்டும். பந்துவீச்சை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதலில் இந்த வயதுக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர் என்று வரம்பு உண்டு. நம் பையன்கள் பள்ளிக்கு ஓர் அணி, அகாடமிக்கு ஓர் அணி, தெருவுக்கு ஓர் அணி என்று ஆடுகிறார்கள். ஒவ்வொரு கோச்சுக்கும் தன் கணக்கு மட்டும் தெரியும், மொத்தம் யாருக்கும் தெரியாது. ஒரு நோட்டில் வலைப்பயிற்சியையும் சேர்த்து எத்தனை பந்து வீசினான் என்று நீங்களே எழுதி வையுங்கள். தூக்கத்தையும் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பதின்வயது வீரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதிகாலை கோச்சிங், ராத்திரி டியூஷன் என்று வைத்துவிட்டுப் பையனைக் குறை சொல்ல முடியாது.

மகளுக்கு, நீண்டதூர ஓட்டக்காரி, மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. கோச் 'இது சகஜம்' என்கிறார்.

சகஜம் இல்லை. உழைப்புக்கேற்ற சாப்பாடு போதாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் அது ஒன்று, எலும்பு பலவீனமாவதும் கூடவே நடக்கும். மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எடையைக் குறைக்கச் சொல்லும் யாருடைய பேச்சையும் அதுவரை கேட்க வேண்டாம்.

எப்போது மறுபடி ஆடலாம்?

முன்சிலுவை ஜவ்வு ஆபரேஷன் செய்தவர்களுக்கு மேலே சொன்ன ஒன்பது மாதம் உண்டு. மற்றவர்கள் காலண்டரைப் பார்க்காதீர்கள், காலைச் சோதியுங்கள். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை இருபது இருபத்தைந்து தடவை எம்ப முடிகிறதா? கண்ணை மூடி அரை நிமிடம் ஒற்றைக்காலில், நல்ல காலில் நிற்கிற மாதிரியே நிற்க முடிகிறதா? ஒற்றைக்காலில் தாவினால் மற்ற காலின் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது வருகிறதா? மூன்றும் வலியில்லாமல் வந்தால் ஷட்டில் ராக்கெட்டை எடுக்கலாம். முதல் நாள் சிங்கிள்ஸ் வேண்டாம், டபுள்ஸில் ஒரே ஒரு கேம். அடுத்த கேம் எப்போது என்பதை மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.